எர்வின் முல்லர்

எர்வின் வில்ஹெல்ம் முல்லர் (ஜூன் 13, 1911 – மே 17, 1977) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயற்பியலாளர். புல அயனி நுண்ணோக்கியைக் கண்டுபிடித்தவர். உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள அணுக்களைத் தனித்தனியே முதன்முதலில் கண்டவர்கள் இவரும் இவருடைய மாணவர் கன்வர் பகதூரும் ஆவர்.

வாழ்க்கை

முல்லர் பெர்லினில் பிறந்தார். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குஸ்டாவ் ஹெர்ட்ஸிடம் பயின்று 1936 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1952 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஆய்வுகள்

1936 இல் முல்லர் புல உமிழ்வு நுண்ணோக்கியை உருவாக்கினார். இதில் வலிமையான மின்புலம் கூரிய உலோக ஊசியின் நுனியிலிருந்து எதிர்மின்னிகளை வெளியேற்றும். அவை ஒளிர்திரையில் விழுந்து நுனியின் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஆயினும் எதிர்மின்னிகள் பக்கவாட்டிலும் விலகிச் செல்வதால் தனி அணுக்கள் புலப்படவில்லை. எனவே 1951 இல் மின்புலத்தின் திசையை மாற்றி, எதிர்மின்னிகளுக்குப் பதிலாக ஊசியைச் சூழ்ந்த வளிமத்தின் அயனிகளைப் பயன்படுத்தினார். இதுவே புல அயனி நுண்ணோக்கி ஆகும்.

தொடக்கத்தில் இதன் உருவமும் மங்கலாகவே இருந்தது. பின்னர் ஊசியைக் குளிர்வித்து, ஹீலியம் வளிமத்தைப் பயன்படுத்தினர். குளிர்ச்சியால் வளிம அணுக்களின் பக்கவாட்டு இயக்கம் குறைந்தது. அக்டோபர் 11, 1955 அன்று டங்ஸ்டன் ஊசி நுனியின் அணுக்கள் வரிசை வரிசையான ஒளிப்புள்ளிகளாகத் திரையில் தெரிந்தன. அதுவரை அணுக்களின் அடுக்கமைப்பு எக்ஸ்-கதிர் ஆய்வு போன்ற மறைமுக வழிகளிலேயே அறியப்பட்டிருந்தது.

மிக வலிமையான மின்புலத்தைத் தாங்கும் பொருள்களை மட்டுமே இம்முறையில் காண இயலும் என்பது இதன் குறைபாடாகும்.

1967 இல் முல்லர் குழுவினர் அணு ஆய்வியை உருவாக்கினர். இது ஊசி நுனியிலிருந்து அணுக்களைப் பெயர்த்து, அவை பறக்கும் நேரத்தைக் கொண்டு அவை எத்தனிமத்தைச் சார்ந்தவை எனக் காட்டும். இதன் வளர்ச்சியடைந்த வடிவங்கள் உலோகக் கலவைகளையும் குறைகடத்திகளையும் ஆராயப் பயன்படுகின்றன.

விருது

அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் முல்லருக்கு அவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.