பழைய ஐந்து டொலர் தாளில் இருந்த பெண்

தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு முன்னரே அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்கள் அந்தப் பெண்ணின் முகத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1967 இல் வெளிவந்த கடதாசி ஐந்து டொலர் தாளில் இருந்தவர் அவர். பெயர் கரோலின் சிசம். வரிக் கணக்குக் காட்ட என்னிடம் வரும் புதிய குடும்பங்கள், கிரெடிட் ஸ்கோர் இல்லாவிட்டால் வங்கி எங்களைத் திரும்பியும் பார்க்காதா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய ஞாபகம் வருகிறது.

கரோலின் 1808 மே 30 அன்று இங்கிலாந்தின் நோர்தம்ப்டன் பகுதியில் பிறந்தார். 1830 இல், கிழக்கிந்தியக் கம்பனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த ஆர்ச்சிபோல்ட் சிசமை மணந்தார். பொதுப்பணியில் ஈடுபடத் தன்னைத் தடுக்கக்கூடாது என்பதே அவர் கணவருக்கு முற்கூட்டியே விதித்த நிபந்தனை. கணவரும் கடைசிவரை அதைக் காப்பாற்றினார். மதராசுக்கு வந்த கரோலின், 1834 இல் அங்கு ஐரோப்பியப் படையினரின் பெண்பிள்ளைகளுக்காகத் தொழிற்பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். எழுத்து வாசிப்போடு சமையலும் வீட்டு நிர்வாகமும் அங்கே கற்பிக்கப்பட்டன. இப்படி அவருடைய பணி தொடங்கியது தமிழர் வாழும் ஒரு நகரத்தில்தான்.

1838 இல் குடும்பம் சிட்னிக்கு வந்தது. கணவர் மீண்டும் படைப்பணிக்குத் திரும்ப, கரோலின் பிள்ளைகளோடு இங்கேயே தங்கினார். கப்பலில் வந்திறங்கிய ஏழைப் பெண்கள் வேலையும் தங்குமிடமும் இன்றித் தெருவில் நிற்பதை அவர் கண்டார். ஆளுநர் கிப்ஸ் முதலில் தயங்கினார். பலமுறை கேட்டபின், 1841 இல் பென்ற் வீதியில் இருந்த பழைய குடிவரவுக் கட்டடத்தின் ஒரு பகுதி கிடைத்தது. எலிகள் நிறைந்த அந்த இடத்தைத் துப்புரவாக்கி, பெண்களுக்கான இல்லமாக மாற்றினார். பின்னர் தானே குதிரையேறி, அவர்களை உள்நாட்டுப் பண்ணைகளுக்கு அழைத்துச் சென்றார். வேலைக்குச் சேர்ப்பவர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் செய்து கொடுத்தார். 1846 இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது, அவரால் வேலையோ குடியிருப்போ பெற்றவர்கள் ஏறத்தாழ 11,000 பேர்.

கடன் விடயத்துக்கு வருவோம். குடும்பங்கள் பிரிந்து வாழ்வதே அவரை அதிகம் வருத்தியது. கணவன் இங்கே, மனைவி பிள்ளைகள் கடலுக்கு அப்பால். எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கப்பல் கட்டணத்துக்கு ஏழைகளிடம் பணம் இல்லை. ஈடு வைக்கச் சொத்து இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? 1849 இல் அவர் லண்டனில் குடும்பக் குடியேற்றக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். புறப்பட விரும்பும் குடும்பம் முடிந்ததைச் சேமிக்க வேண்டும். மிகுதியைச் சங்கம் வட்டியில்லாமல் கடனாகக் கொடுக்கும். அவுஸ்திரேலியாவில் உழைத்து இரண்டு ஆண்டுகளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிய பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும். சாள்ஸ் டிக்கின்ஸ் தன் சஞ்சிகையில் இந்த முயற்சிக்கு ஆதரவு தந்தார். 1850 இல் முதற் கப்பல் புறப்பட்டது.

கணக்காளனாக நான் கவனிப்பது அவர் கடன் கொடுத்த முறையைத்தான். குடும்பங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சந்தித்தார். பயணத்துக்கு முன்பே ஒன்றோடொன்று பழகவிட்டுக் குழுக்களாகச் சேர்த்தார். தனியாக வரும் பெண்களைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார். சேமிக்கும் பழக்கமும் ஆளை அறிந்திருப்பதும்தான் அவருக்கு ஈடு. எங்கள் ஊரில் சீட்டுப் பிடித்தவர்களும் இதைத்தானே பார்த்தார்கள்? அதேவேளை கரோலின் வெறும் இரக்கத்தில் நிற்கவில்லை. தவணைகளைச் சேர்க்க 1851 இல் கணவரையே சம்பளமில்லாமல் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அந்த ஆண்டிலேயே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு, மக்கள் சுரங்கங்களை நோக்கிச் சிதறத் தொடங்கினர்.

1854 இல் அவரும் மெல்பேர்ண் வந்தார். தங்கச் சுரங்கங்களுக்குச் செல்லும் வழியில் பயணிகள் தங்கக் கொட்டகைகள் அமைக்க வைத்தார். கைன்ரனில் குடும்பம் கடை நடத்தியது. நோய் அவரைச் சிட்னிக்குக் கொண்டுவந்தது. அங்கே பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை நடத்தினார். 1866 இல் இங்கிலாந்து திரும்பி, சிறிய அரச ஓய்வூதியத்தில் வாழ்ந்து, 1877 மார்ச் 25 அன்று காலமானார். ஆயிரக்கணக்கானோரின் கடனுக்கு வழிசெய்தவர் தனக்கென எதுவும் சேர்க்கவில்லை.

இன்றைய வங்கி எங்களை வீட்டுக்கு அழைத்துப் பழகாது. அந்த இடத்தில்தான் ஸ்கோர் நிற்கிறது. இக்விபக்ஸ் நிறுவனத்தின் அளவில் அது 0 முதல் 1,200 வரை. ஆனால் அது முடிவு சொல்லும் ஒரே எண் அல்ல. 2009 ஆம் ஆண்டின் கடன் சட்டப்படி, கடன் கொடுப்பவர் எங்களுடைய வருமானம், செலவு, ஏற்கனவே உள்ள கடன்கள் ஆகியவற்றை விசாரித்தே ஆகவேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் தனக்கென்று ஓர் அளவுகோலும் உண்டு.

நான் வந்த புதிதில் ஓர் இடத்தில் கார்க் கடன் கேட்டு மறுக்கப்பட்டேன். யாருக்கும் கடன் வைத்ததில்லை, ஆனாலும் பதிவில் என் பெயரே இல்லை. அன்று வெட்கத்தில் அதிக வட்டிக்காரனிடம் போகப் பார்த்தேன். நண்பர் ஒருவர் தடுத்தார். புதிதாக வந்தவர்களுக்கு அதையே சொல்கிறேன். பதிவு இல்லை என்பது நாணயம் இல்லை என்பதாகாது. வாடகையையும் பில்களையும் நேரத்துக்குக் கட்டுங்கள். மாதம் கொஞ்சமாவது வங்கியில் சேருங்கள். ஒரே நேரத்தில் பல இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகப் பெற்று, பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கரோலின் அன்று நேரில் பார்த்து அறிந்துகொண்டதை, இன்று நாங்கள் தாளில் காட்ட வேண்டியிருக்கிறது.