அளவறிந்த ஆடை, அளவறியா நாக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள் நம் பெரியோர். ஆடை என்னும் அந்தப் பாதியைக் கொண்டே ஓர் இளவரசரின் நட்பைப் பெற்றவர் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். மற்றப் பாதியைப் பேணாததால் அந்நட்பை இழந்தவரும் அவரே. அவர்தாம் ஜார்ஜ் பிரயன் பிரம்மெல்.

பிரம்மெல் 1778ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவர் பிரபுக் குடும்பத்தவர் அல்லர். தந்தையார், பிரதமராயிருந்த நார்த் பிரபுவிடம் தனிச்செயலராகப் பணியாற்றி முன்னேறியவர். மகனை ஈட்டன் பள்ளியில் படிக்க வைத்தார். பிரம்மெல் ஆக்ஸ்போர்டில் சிறிது காலமே பயின்று, 1794இல் குதிரைப்படையில் சேர்ந்தார். அப்படைப்பிரிவின் தலைவர் வேல்ஸ் இளவரசர். நட்பு மலர்ந்தது. 1796இல் காப்டன் பதவியும் கிடைத்தது. 1798இல் படையை விட்டு விலகி, பின்னர் தந்தை வைத்துச் சென்ற பொருளைக் கொண்டு இலண்டனில் வாழத் தொடங்கினார்.

அக்காலச் சீமான்கள் பட்டும் சரிகையும் அணிந்து, தலையில் வெண்பொடி தூவி உலா வந்தனர். பிரம்மெல் இவற்றை ஒதுக்கினார். கருநீலக் கம்பளிக் கோட்டு, வெளிர்நிற உட்சட்டை, நீண்ட கால்சட்டை, கஞ்சியிட்ட வெண்ணிறக் கழுத்துத்துணி: இவையே அவர் உடை. நாள்தோறும் குளிப்பதும், வெளுத்த உள்ளாடை அணிவதும் அவர் விடாத பழக்கங்கள்.

இதில் ஓர் அறிவியல் உண்மையும் உண்டு. கம்பளித் துணி ஈரமும் சூடும் பட்டால் நெகிழ்ந்து, தையற்காரர் விரும்பிய வடிவத்துக்கு வரும். பட்டு அவ்வாறு எளிதில் வளைந்து கொடுக்காது. ஆகவே பூவேலை செய்த அழகைத் துணியின் வெட்டும் பொருத்தமும் செய்து காட்டின. இன்று உலகெங்கும் ஆடவர் அணியும் கோட்டு சூட்டின் மூலத்தை ஆராய்வோர் பிரம்மெல்லைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

அவர் உடுத்தும் முறையைக் காண இளவரசரே காலையில் அவர் இல்லத்துக்கு வருவாராம். தம் கோட்டின் வெட்டு பிரம்மெல்லுக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டு இளவரசர் கண்ணீர் விட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. பெட்போர்டு கோமகன் தம் புதிய கோட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது, பிரம்மெல் அதன் மடிப்பை இரு விரலால் தொட்டு, இதையா கோட்டு என்கிறீர் என வினவினாராம். கேட்டவருக்கு அவமானம் மிஞ்சியது. தோள் இறங்கியிருக்கிறதா, கை நீண்டிருக்கிறதா என்பது மட்டும் விளங்கவில்லை. குறையைக் காணும் கண் பிரம்மெல்லுக்கு இருந்தது. குறையை நீக்கும் சொல் இல்லை.

1813இல் ஒரு நடன விருந்தில் இளவரசர் அவரைப் பாராதவர்போல் கடந்தார். உடனே பிரம்மெல், அந்தப் பருத்த மனிதர் யார் என்று அருகிலிருந்தவரை உரக்க வினவினாராம். துணியை விமர்சித்த நாக்கு உடலை விமர்சித்தது. நட்பு முறிந்தது. சூதாட்டக் கடனும் பெருகவே, 1816இல் பிரான்சிலுள்ள கலே நகருக்கு ஓடினார். 1830இல் கான் நகரில் பிரிட்டிஷ் தூதரகப் பதவி கிடைத்தது. 1832இல் அப்பதவியே நீக்கப்பட்டது. 1835இல் கடனுக்காகச் சிறை சென்றார். நண்பர்கள் பணம் திரட்டி மீட்டனர். பின்னர் நோயால் அறிவு தடுமாறி, உடையும் அழுக்கேற, 1840ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் அந்நகரின் மனநோய் விடுதியில் காலமானார். இலண்டன் ஜெர்மின் தெருவில் 2002இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். சுவை பிறப்பால் வருவதன்று, விலையால் வருவதுமன்று என்று பிரம்மெல்லின் வெற்றி நமக்குச் சொல்கிறது. பெரிய அளவுச் சட்டையோடு முதல் நாள் வகுப்புக்கு வரும் தம்பியைக் கண்டு சிரிப்பது எளிது. தோள் தையலை ஓர் அங்குலம் உள்ளே பிடித்தால் சரியாகும் என்று தனியே சொல்வதுதான் நட்பு. முன்னதைச் செய்தால் அவன் கடைசி வரிசைக்குப் போவான். பின்னதைச் செய்தால் தையற்காரரிடம் போவான்.