காற்றைப் படித்தவர், வீடிழந்தவர்: ஜோசப் பிறீஸ்ட்லியின் வாழ்க்கை

மூடிய கண்ணாடிச் சாடிக்குள் மெழுகுதிரி ஒன்றை எரியவிட்டால் சிறிது நேரத்தில் அது அணைந்துவிடும். அதே சாடிக்குள் ஓர் எலியை விட்டால் அதுவும் நெடுநேரம் உயிர் வாழாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது பலருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனால், அதற்குள் ஒளிந்திருந்த பெரிய கேள்வியை மிகச் சிலரே கேட்டார்கள். உலகம் முழுவதும் நாளாந்தம் அடுப்புகள் எரிகின்றன, காடுகள் எரிகின்றன, எண்ணற்ற உயிர்கள் மூச்சு விடுகின்றன. அப்படியானால் பூமியின் காற்று எப்போதோ கெட்டுப்போயிருக்க வேண்டுமே? அதை யார் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்தான் ஜோசப் பிறீஸ்ட்லி. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஒரு மதபோதகர்.

1733ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகில் பிறந்தார் பிறீஸ்ட்லி. தந்தை துணி பதப்படுத்தும் தொழில் செய்தவர். ஆறு வயதில் தாயை இழந்த அவரைத் தந்தையின் சகோதரியே வளர்த்தார். பேச்சில் திக்கல் இருந்தது. அவருடைய குடும்பம் அரச திருச்சபையை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அத்தகையவர்களுக்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற வழியில்லை. அரச பதவிகளும் சட்டப்படி மறுக்கப்பட்டிருந்தன. எனவே, தம் மக்கள் தமக்கென நடத்திய டவென்றி கல்விக்கூடத்தில் படித்துப் போதகராகவும் ஆசிரியராகவும் ஆனார். 1762இல் மேரி வில்கின்சனை மணந்தார். இலண்டனில் பெஞ்சமின் பிராங்கிளினின் நட்புக் கிடைத்தது. அவருடைய ஊக்கத்தோடு மின்சாரத்தின் வரலாற்றை எழுதி 1767இல் வெளியிட்டார்.

அதே ஆண்டு லீட்ஸ் நகரத் தேவாலயம் ஒன்றுக்குப் போதகராக வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பியர் வடிசாலை இருந்தது. புளிக்கும் தொட்டிகளின் மேல் தங்கி நிற்கும் ஒரு வாயு, எரியும் குச்சியை உடனே அணைப்பதை அவர் கவனித்தார். இன்று நாம் காபனீரொட்சைட்டு என்று அழைப்பது அதைத்தான். அந்த வாயுவைத் தண்ணீரில் கலந்து குடிக்கும் முறையை 1772இல் வெளியிட்டார். நாம் குடிக்கும் சோடா அங்கிருந்துதான் வந்தது. அதை வைத்துப் பிறர் பிற்காலத்தில் பணம் சம்பாதித்தார்கள், அவர் சம்பாதிக்கவில்லை.

காற்றின் மீதான ஆர்வம் அவரை விடவில்லை. தண்ணீரில் கவிழ்த்து வைத்த சாடிக்குள் ஒரு புதினாத் தண்டை வளர்த்தார். உயிரினங்களைப் போலவே அதுவும் காற்றைக் கெடுக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். மாறாக, அது மாதக்கணக்கில் வளர்ந்தது. அந்தச் சாடியின் காற்றில் மெழுகுதிரி அணையவில்லை. எலிக்கும் தீங்கு நேரவில்லை.

அடுத்து, வேண்டுமென்றே காற்றைக் கெடுத்துப் பார்த்தார். 1771 ஓகஸ்ட் 17ஆம் திகதி, மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாட்கள் கழித்து, 27ஆம் திகதி, அதே காற்றில் இன்னொரு மெழுகுதிரி நன்றாக எரிந்தது. மூச்சினால் கெட்டுப்போன காற்றையும் செடி மீட்டது. அதற்குள் விடப்பட்ட எலி உயிர் வாழ்ந்தது. நெருப்பும் மூச்சும் கெடுப்பதைப் பச்சைச் செடி திருத்துகிறது என்பது அன்றுதான் பரிசோதனையால் காட்டப்பட்டது.

இந்தச் செய்தி பிராங்கிளினை மிகவும் மகிழ்வித்தது. வீட்டருகே மரங்கள் நின்றால் உடலுக்குக் கேடு என்று எண்ணி அவற்றை வெட்டும் வழக்கம் இனியாவது குறையும் என்று அவர் எதிர்பார்த்தார்.

ஆனாலும் விடை முழுமையாகவில்லை. பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது சில வேளைகளில் செடி காற்றைத் திருத்தியது, சில வேளைகளில் திருத்தவில்லை. வெளிச்சம்தான் காரணம் என்பதை 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவர் கண்டறிந்தார். செடியின் பச்சைப் பகுதிகள் சூரிய ஒளியில் மட்டுமே இந்த வேலையைச் செய்கின்றன. இன்று பாடசாலையில் பிள்ளைகள் ஒளித்தொகுப்பு என்று படிப்பதன் தொடக்கம் இவர்கள் இருவருடைய வேலைதான். இன்றைய வளிமண்டலத்தில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன். தரையிலுள்ள செடிகொடிகளும் கடலின் நுண்ணுயிர்களும் அல்காக்களும் உருவாக்கி விட்டது அது.

1774 ஓகஸ்ட் 1ஆம் திகதி, பெரிய வில்லை ஒன்றினால் சூரிய ஒளியைக் குவித்து, செந்நிற இரச ஒட்சைட்டைச் சூடாக்கினார் பிறீஸ்ட்லி. அதிலிருந்து வந்த வாயுவில் மெழுகுதிரி வழமையை விடப் பிரகாசமாக எரிந்தது. அடுத்த ஆண்டு அதற்குள் ஓர் எலியை விட்டார். கால் மணி நேரத்தில் இறந்திருக்க வேண்டிய எலி அரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. வெளியே எடுத்தபோது இறந்ததுபோல் கிடந்தாலும், நெருப்பருகே பிடித்ததும் மீண்டெழுந்தது. பின்னர் தாமே அந்த வாயுவைச் சுவாசித்துப் பார்த்தார்.

சுவீடனின் ஷீலே அதே வாயுவை முன்னரே கண்டிருந்தார். ஆனால், தம் முடிவை வெளியிட்டது பிறீஸ்ட்லிக்குப் பின்னர்தான். அதற்கு ஒட்சிசன் என்று பெயரிட்டு, எரிதலுக்குச் சரியான விளக்கம் தந்தவர் பிரான்சின் லவோசியர். எரியும் பொருளிலிருந்து புளோஜிஸ்தன் என்றொரு பொருள் வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையை பிறீஸ்ட்லி சாகும்வரை விடவேயில்லை. தாம் கண்டுபிடித்ததன் பொருளை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

1780இல் பேர்மிங்காம் நகருக்குப் போதகராகச் சென்றார். அங்கே பெரிய நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் அமைத்தார். தம் பிரிவினருக்குச் சம உரிமை வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியையும் ஆதரித்தார். அவருக்கு எதிரான வெறுப்பு பிரசங்க மேடைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் வளர்ந்தது.

1791 யூலை 14ஆம் திகதி, புரட்சியின் ஆண்டு நிறைவுக்காக நகரின் விடுதி ஒன்றில் விருந்து நடந்தது. பிறீஸ்ட்லி அதற்குப் போகவில்லை. இருந்தும், திருச்சபைக்கும் மன்னருக்கும் ஆதரவாகக் கோஷமிட்டபடி திரண்ட கும்பல் அன்றிரவு அவருடைய தேவாலயத்தை எரித்தது. அடுத்து வீட்டுக்கு வந்தது. அவரும் மனைவியும் சற்று முன்னர்தான் வெளியேறியிருந்தார்கள். வீடு உடைக்கப்படும் சத்தம் அவர்கள் நின்ற இடத்துக்குக் கேட்டது. நூலகம், ஆய்வுகூடம், ஆண்டுக்கணக்கில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் அழிந்தன. நூல்கள் எரிவது என்றால் என்னவென்று எம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வன்முறை நான்கு நாட்கள் நீடித்தது. அரச திருச்சபையைச் சேராத பலரின் வீடுகள் தாக்கப்பட்டன.

நீதவான்கள் கும்பலைத் தடுக்கத் தவறினார்கள், சிலர் அதைத் தூண்டினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை கோரி 1792இல் பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் ஒரு சிலரே. அவருக்குக் கிடைத்த நட்டஈடு அவர் கோரியதைவிடக் குறைவு.

அவர் பேர்மிங்காமில் மீண்டும் குடியேறவில்லை. இலண்டன் அருகே ஹக்னியில் தங்கினார். அங்கும் அச்சம் தொடர்ந்தது. விஞ்ஞானக் கழகத்தில் பழைய நண்பர்கள் பலர் முகம் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அந்த நாட்டில் எதிர்காலம் தெரியவில்லை. மகன்மார் முன்னதாகவே அமெரிக்கா போனார்கள். 1794 ஏப்ரலில், 61ஆவது வயதில், மனைவியோடு அவரும் கப்பலேறினார். அவர் கடலில் இருந்த நாட்களில், மே 8ஆம் திகதி, பாரிஸில் லவோசியரின் தலை வெட்டப்பட்டது. புரட்சியை ஆதரித்தவர் என்று ஒருவரை ஒரு நாடு விரட்டியது. பழைய ஆட்சியில் வரி வசூலித்தவர் என்று மற்றவரைப் புரட்சியே கொன்றது.

பென்சில்வேனியாவின் நோர்தம்பலன்ட் என்ற சிற்றூரில், சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் குடியமர்ந்தார் பிறீஸ்ட்லி. பிலடெல்பியாவில் வந்த பேராசிரியர் பதவியை ஏற்கவில்லை. 1795 டிசம்பரில் இளைய மகன் ஹென்றி இறந்தான். புதிய வீடு கட்டி முடியுமுன், 1796இல், மேரியும் காலமானார். ஆய்வுகூடத்தோடு வீடு எழுந்தபோது அதற்குள் அவரோடு சேர்ந்து நுழைய மனைவி இல்லை. இருந்தாலும் வேலையை அவர் நிறுத்தவில்லை. வாயுக்களைப் பற்றிய பரிசோதனைகள் அங்கும் தொடர்ந்தன. 1804 பெப்ரவரி 6ஆம் திகதி காலை, தம் எழுத்துகளுக்கான திருத்தங்களைச் சொல்லி எழுதுவித்த பின்னர் உயிர் நீத்தார்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1874 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஒட்சிசன் பரிசோதனையின் நூற்றாண்டு நாளில், அமெரிக்க இரசாயனவியலாளர்கள் அவருடைய நோர்தம்பலன்ட் வீட்டில் கூடினார்கள். இன்று அது ஒரு நூதனசாலை. அதே நாளில், அவரை விரட்டிய பேர்மிங்காம் நகரிலும் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. கையில் வில்லையோடு, சூரிய ஒளியைக் குவித்துக்கொண்டு அவர் அங்கே நிற்கிறார்.