மெல்ல வாசித்த மேதை

சத்தமா வாசிச்சாத்தான் பெரிய வித்வான் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் பழைய மாணவர்களில் மேடை ஏறியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த நினைப்புக்குக் கடைசிவரை வளைந்து கொடுக்காத ஒருவர் பிரெடெரிக் ஷோப்பின்.

1810-ல் போலந்தில், வார்சாவுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர், வாத்தியார். பையன் இயற்றிய இசை 7 வயதிலேயே அச்சில் வந்துவிட்டது.

பியானோவின் முழுப்பெயர் பியானோஃபோர்ட்டே. இத்தாலிய மொழியில் ‘மெல்ல, பலமாக’ என்று பொருள். கட்டையை விரல் எவ்வளவு வேகமாக அழுத்துகிறதோ, அவ்வளவு வேகமாக உள்ளே சுத்தி போய்த் தந்தியை அடிக்கும். சத்தம் கூடுவதும் குறைவதும் அதைப் பொறுத்ததே.

1829-ல் வியன்னாவில் கச்சேரி செய்தபோது, வாசிப்பு ரொம்ப மெலிசு என்று சிலர் குறை சொன்னார்கள். அதற்காக அவர் தன் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. 1830-ல் ஊரைவிட்டுக் கிளம்பினார். சில வாரங்களில் போலந்தில் கலகம் வெடித்தது. ரஷ்யா அதை நசுக்கியது. அப்புறம் அவர் தாய்நாடு திரும்பவே இல்லை.

பாரிஸில் நண்பர் லிஸ்ட் பெரிய மண்டபங்களையே அதிர வைத்தார். இவரோ ஆயுள் முழுக்கச் செய்த பொதுக் கச்சேரிகள் சுமார் 30தான். பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். லேசாகத் தொட்டாலே பேசும் ப்ளேயல் பியானோதான் அவருக்கு இஷ்டம். அதுக்காக அவர் இசையில் பலமே கிடையாதுன்னு நினைக்க வேண்டாம். மிக உரக்க வாசிக்கச் சொல்லும் குறிகளும் அவர் எழுதியவற்றில் உண்டு. ரொம்பத் தாழ்வாகத் தொடங்கினால் நடுத்தர ஒலியே இடிபோலக் கேட்கும். அதுதான் சூட்சுமம்.

1848 பிப்ரவரி 16, பாரிஸில் கடைசிக் கச்சேரி. நோயால் உடம்பு ஓடாய்த் தேய்ந்திருந்தது. ‘பார்க்கரோல்’ முடிவில் உரக்க வாசிக்க வேண்டிய பகுதியை, தெம்பில்லாததால் மிக மெல்ல வாசித்தார். அங்கிருந்த சார்ல்ஸ் ஹாலே என்ற இசைக்கலைஞருக்கு, இதுவே சரியோ என்று தோன்றிவிட்டதாம்!

அதே ஆண்டு நவம்பரில், லண்டனில் போலந்து அகதிகளுக்காக நடந்த நிதி விழாவில் வாசித்தார். நடனமாட வந்த கூட்டத்தின் இரைச்சலில் யாரும் சரியாகக் கேட்கவில்லை. அதுவே கடைசி மேடை. 1849 அக்டோபர் 17-ல், 39 வயதில் பாரிஸில் காலமானார். உடல் அங்கேயே அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் அக்கா வார்சாவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சர்ச் தூணுக்குள் அது இன்றும் இருக்கிறது.

அந்த மெல்லிய வாசிப்பை நாம் யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் எழுதியதை வாசிக்கிறவர்கள் இன்றும் முதலில் கற்க வேண்டியது, மெல்லத் தொடுவதைத்தான்.