தன் வீட்டாரே அறியாத தத்துவ போதகர்



வேதத்துக்குப் புறம்பானவர்கள் நம்மை ஏசினால் நமக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. சேசுநாதரே அதை முன்னறிவித்திருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். ஆனால் கோவிலில் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிறவன், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவன், நம் செய்கையைத் தப்பாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் அதைத் தாங்க வேறு வலிமை வேண்டும். குடியை விட்டவனைப் பார்த்து, வேஷம் போடுகிறான் என்கிறார்கள். வரதட்சணை வேண்டாம் என்று பெண் எடுத்தால், மாப்பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கும் என்கிறார்கள். இந்த வருத்தத்தை என்னிடம் வந்து சொல்லி அழுதவர்கள் உண்டு. அவர்களை நினைத்துக்கொண்டே இவ்வாரச் சரித்திரத்தை எழுதுகிறேன்.

நம்மில் எத்தனையோ குடும்பங்கள் ஆகஸ்டு 15-ந் தேதித் திருநாளுக்குக் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா கோவிலுக்குப் போய் வருகிறவர்கள். அந்தக் கோவிலில் வீரமாமுனிவர் குருவாக இருந்தார் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். இத்தாலியா தேசத்தில் பிறந்த அவர் நம் கரிசல் பூமிக்கு வந்தபோது, தமிழ்நாட்டுச் சந்நியாசியின் கோலத்தில் வந்தார். அதை அவர் புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கோலத்துக்கு உரிய விலையை அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே வேறொருவர் கொடுத்து முடித்திருந்தார். அவர்தான் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி சுவாமி.

1577-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தவர். இத்தாலியாவில் பெரிய பிரபுக்களின் குடும்பம். பாப்புமாரும் கர்தினால்மாரும் உறவு. மூத்த மகன். ஆஸ்தியும் பட்டமும் அவருக்கு வரவேண்டியவை. வீட்டார் தடுத்தும் கேளாமல் 1596-ம் ஆண்டு நேப்பிள்ஸ் பட்டணத்தில் சேசு சபையில் சேர்ந்தார். 1604-ல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். வழியில் மொசாம்பிக் கரையோரம் கப்பல் சேதமாயிற்று. 1605-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார். பிறகு கொச்சி. பிறகு நம் முத்துக்குளித்துறைக் கரையில் சில மாதம் இருந்து தமிழ் படித்தார். 1606-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி மதுரையில் கால் வைத்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு குரு இருந்தார். கொன்சாலோ பெர்னாந்தஸ் என்பவர். போர்த்துக்கீசியர், முன்னாள் போர்வீரர், வயோதிகர். 1595 முதல் அங்கே ஒரு சிறு வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் வைத்து, வியாபாரத்துக்கு வந்து தங்கிய பரவ கிறிஸ்தவர்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் ஊழியம் செய்து வந்தார். ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார். ஊரார் அவரைத் தர்மவான் என்று மதித்தார்கள். ஆனால் பதினோரு வருஷத்தில் ஊர்க்காரர் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை.

இதற்குக் காரணம் ஒரே வார்த்தை. போர்த்துக்கீசியரை ஊரார் பரங்கி என்றார்கள். (பரங்கிமலை என்ற பெயரில் அந்த வார்த்தை சென்னையில் இன்றும் நிற்கிறது.) பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்கிறவன், மது குடிக்கிறவன், ஸ்நானம் பண்ணாதவன், குலாசாரம் இல்லாதவன். கிறிஸ்தவனாவது என்றால் பரங்கி ஆவது என்றே மதுரையில் அர்த்தமாகிவிட்டது. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவனிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமும் இருந்தது. பாவம், கேட்டவர்களுக்கு அதன் பொருள் தெரியாது. கேட்கப்பட்டவனுக்கு நன்றாகத் தெரியும்.

நொபிலி சுவாமி இதைக் கண்டுகொண்டார். மேலதிகாரிகளின் உத்தரவு பெற்று, பிராமணர் குடியிருக்கும் பக்கத்தில் தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டார். கறுப்பு அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் கமண்டலம், நெற்றியில் சந்தனம். மீனும் மாமிசமும் விட்டு, நாளுக்கு ஒரு வேளை மரக்கறி உணவு. தமிழில் ஆழ்ந்தார், தெலுங்கு கற்றார், சிவதர்மர் என்ற பிராமண வித்துவானிடம் சமஸ்கிருதம் படித்தார். பெர்னாந்தஸ் சுவாமியின் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அவரோடு பல நாள் தர்க்கம் செய்து, முடிவில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தச் சிவதர்மரும் 1609-ல் பெற்றார். அவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் களையவேண்டும் என்று சுவாமி கேட்கவில்லை. இவை குலத்துக்கும் கல்விக்கும் அடையாளங்கள், விக்கிரக ஆராதனைக்கு அடையாளங்கள் அல்ல என்பது அவருடைய தீர்மானம்.

அப்போது ஆரம்பித்தது சோதனை. அது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. வெளியார் சிலர், இவனும் மாறுவேஷம் பூண்ட பரங்கிதான் என்று கிளப்பிவிட்டார்கள். அதற்குச் சுவாமி, தாம் பரங்கி அல்ல, பரங்கி நாட்டில் பிறந்தவரும் அல்ல, ரோமாபுரியில் நல்ல குடும்பத்தில் பிறந்த துறவி என்று ஓலையில் எழுதி வாசற்படியில் மாட்டினார். அதோடு அது ஓரளவு அடங்கிற்று. உள்ளிருந்து வந்தது அடங்கப் பதின்மூன்று வருஷம் பிடித்தது.

1610-ம் ஆண்டு பெர்னாந்தஸ் சுவாமி நீண்ட முறைப்பாடு ஒன்றை எழுதி ரோமையிலிருந்த சபையின் அதிபர் சிரேஷ்டருக்கு அனுப்பினார். இளங்குரு கிறிஸ்தவப் பெயரையே மறைக்கிறார். அஞ்ஞானச் சடங்குகளைக் கோவிலுக்குள் கொண்டுவருகிறார். ஒரே பட்டணத்தில் இரண்டு கோவில்களாகி, பரவ கிறிஸ்தவர்கள் அந்தக் கோவிலுக்குள் போக முடியாமலாயிற்று என்பது அதன் சாரம். செய்தி போகப் போகப் பெருத்தது. நொபிலி வேதத்தையே விட்டுவிட்டார் என்ற வதந்தி ரோமை வரைக்கும் எட்டியது. அவருடைய உறவினரும், பின்னாளில் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டவருமான கர்தினால் பெல்லார்மினே மனம் நொந்து கண்டித்துக் கடிதம் எழுதினார். கடல் கடந்து வருஷக்கணக்கில் பிரயாணம் பண்ணி வந்த அந்தக் கடிதத்தை மதுரைக் குடிசையில் பிரித்து வாசித்த மனிதனை நினைத்துப் பாருங்கள். பரங்கிகளுக்கு அவர் பிராமணர். பிராமணரில் சிலருக்கு அவர் பரங்கி. சொந்த இரத்தத்துக்கோ அவர் வேதத்தை மறுதலித்தவர்.

அவர் கோபித்துக்கொண்டு கப்பலேறவில்லை. தனியாக ஒரு கூட்டம் சேர்க்கவும் இல்லை. உட்கார்ந்து பதில் எழுதினார். குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, மதுரை வித்துவான்களின் சாட்சியங்களையும் நம் நாட்டுச் சாஸ்திரங்களையும் திருச்சபைப் பிதாக்களின் வழக்கங்களையும் காட்டி இலத்தீனில் எழுதினார். அவருக்குத் துணையாக வந்த அந்தோனியோ விக்கோ சுவாமியும் அவருக்காக எழுதினார். பெல்லார்மின் ஆண்டகை விளக்கத்தைப் படித்துவிட்டு மனம் மாறி, பிறகு அவருக்குச் சார்பாகவே பேசினார். ஆனால் இங்கேயிருந்த மேலதிகாரிகள் திருப்தியடையவில்லை. 1613-ம் ஆண்டளவில், பழைய முறைப்படி ஞானஸ்நானம் கொடுக்கலாகாது என்று தடை வந்தது. சுவாமி கீழ்ப்படிந்தார். பலன் கொடுக்கத் தொடங்கியிருந்த வயலில் சில வருஷம் விதைப்பு நின்றது. மழை பெய்து மண் பதமாயிருக்கும்போது விதைக்காமல் நிற்கச் சொன்னால் எப்படியிருக்கும் என்று நம் மானாவாரி விவசாயிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1619-ம் ஆண்டு கோவாவில் அதிமேற்றிராணியார் தலைமையில் பெரிய விசாரணை கூடிற்று. சுவாமி காவி உடையோடு அங்கே போய் நின்றார். அவருடைய எல்லைக்கு அதிகாரியாயிருந்த கொடுங்கல்லூர் அதிமேற்றிராணியார் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகையும், வேத விசாரணை அதிகாரிகளில் ஒருவரான அல்மெய்தா என்பவரும் அவருக்காகப் பேசினார்கள். பெரும்பான்மையோர் எதிராகவே நின்றார்கள். வழக்கு ரோமைக்குப் போயிற்று. 1623-ம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ந் தேதி பதினைந்தாம் கிரகோரி பாப்பானவர் தீர்ப்புக் கொடுத்தார். பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவற்றை மூட பக்தி கலவாமல் சில நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. பெல்லார்மின் ஆண்டகை அதைக் காணவில்லை. 1621-லேயே மரித்துப்போனார்.

இந்த இடத்தில் பெர்னாந்தஸ் சுவாமிக்காக ஒரு வார்த்தை. நம் சரித்திரப் புத்தகங்கள் பல அவரைப் பொறாமைக்காரராகக் காட்டுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினோரு வருஷம் தனியாகப் பாடுபட்ட கிழவர்; வயதில் பாதிக்கும் குறைந்த ஒருவர் வந்து எல்லாவற்றையும் மாற்றுவதைக் கண்டு, வேதம் கெட்டுப்போகிறதே என்று மெய்யாகவே பயந்தார். அவருடைய முறைப்பாட்டில் ஒரு பங்கு நியாயமும் இருந்தது. ஒரே கர்த்தரை ஆராதிக்கிறவர்கள் இரண்டு கோவிலாகப் பிரிந்திருப்பது சரியல்ல என்று அவர் கண்டார். நொபிலி சுவாமி சாதி வேறுபாட்டை உலக வழக்கம் என்று மட்டும் எண்ணி அதற்கு இடங்கொடுத்தார். சந்தனத்தையும் பாதக்குறட்டையும் பற்றி அவர் சொன்னது சரி. இதில் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது ஒன்று உண்டு. 1640-ம் ஆண்டளவில் எல்லாக் குலத்தாரிடமும் போகக்கூடிய பண்டார சுவாமிகள் என்ற குருக்களை ஏற்படுத்தி, முதலில் பல்தசார் தா கோஸ்தா சுவாமியை அனுப்பினார்கள். அதனால் தாழ்த்தப்பட்ட மக்களில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள். ஆனால் பிரிவினை நீங்கவில்லை. பாப்பானவரின் 1623-ம் ஆண்டுத் தீர்ப்பின் முடிவில் ஒரு மன்றாட்டு இருக்கிறது. குலப்பெருமை பாராட்டுகிறவர்கள் எளியோரை அற்பமாக எண்ணவேண்டாம், விசேஷமாகக் கோவிலில் தேவ வாக்கியம் கேட்கும்போதும் தேவதிரவிய அனுமானங்கள் பெறும்போதும் என்று மிக உருக்கமாகக் கேட்டுக்கொள்ளுகிறார். பூணூலுக்குக் கிடைத்த அனுமதியை எல்லோரும் வாசித்தார்கள். இதை வாசித்தவர்கள் கொஞ்சம். நமக்குத் தெற்கே வடக்கன்குளத்துக் கோவிலில் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-ம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. வேறு சுவர்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

தீர்ப்பு வந்த பிறகு சுவாமி மதுரையோடு நின்றுவிடவில்லை. சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி என்று நடந்தார். 1640-ல் சிறையிலும் வைக்கப்பட்டார். மறு வருஷம்தான் விடுதலை. இவ்வளவுக்கும் நடுவில் எழுதிக்கொண்டே இருந்தார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய வசன நூல்கள் அவருடையவை. தமிழில் வசன நடை அரிதாயிருந்த அந்தக் காலத்தில் தேவ சாஸ்திரத்தையே வசனத்தில் எழுதினார். சர்வேசுரன், குரு, பூசை, கோவில் என்று நம் பாட்டிமார் வாயில் இயல்பாக வந்த வார்த்தைகள் கிறிஸ்தவர்களிடம் நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவற்றிலும் சிலவற்றை அக்காலத்தில் ஐயத்தோடு பார்த்தவர்கள் உண்டு.

கடைசியில் கண் பார்வை மங்கிற்று. முதுமையைக் கருதி அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மயிலாப்பூருக்கு. நாற்பது வருஷம் பழகிய ஊரை விட்டுப் போகச் சொன்னபோதும் போனார். மயிலாப்பூர் பரங்கிகளின் பட்டணம். அங்கே யாரும் அவரைச் சந்நியாசியாகப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பட்டணத்துக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கி, அதே மரக்கறி உணவை உண்டு, தம் நூல்களைச் சொல்லச் சொல்ல எழுதுவித்து வந்தார். 1656-ம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ந் தேதி அங்கே மரித்தார்.