வழிநடையிற் பாடிய வன்றொண்டர்

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த அளவிற் கண்ணொளி இழந்ததும், திருவாரூரை அடைந்து அதனை முற்றும் மீளப் பெற்றதும் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்தனவே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி 200 மைலுக்கு மேற்பட்டது. புராணப் பிரசங்கம் செய்வோர் பலர் அவ்வழியை இரண்டொரு சொல்லாற் கடந்து, இழந்த கண்ணையும் பெற்ற கண்ணையுமே விரித்துரைப்பர். நம்பிகளது பாடல் எவ்வாறு ஊற்றெடுத்தது என்று ஆராய்வார்க்கு அவ்வழிநடையே முதன்மையாக நோக்கத்தக்கது என்பது எம் கருத்து.

சுவாமிகள் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரிற் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாய்த் தோன்றினார். காலம் கி.பி. 8-ஆம் நூற்றாண்டென்பார் பலர். வீதியிற் சிறுதேர் உருட்டி விளையாடிய குழவியை நரசிங்க முனையரையர் கண்டு வேண்டிப் பெற்று வளர்த்தனர். புத்தூரில் மணம் தடைப்பட்டது, திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி இறைவன் ஆட்கொண்டது, ஆரூரிற் பரவையாரை மணந்தது, தேவாசிரிய மண்டபத்தின் முன் திருத்தொண்டத்தொகை அருளியது ஆகியவற்றை ஈண்டு விரித்தல் மிகை.

தொண்டை நாட்டுத் தலங்களை வழிபட்டு ஒற்றியூர் அடைந்தபோது, ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து, அங்கே திரைக்குள் இருந்து பூமாலை தொடுத்து இறைவற்குச் சாத்தும் தொண்டு பூண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு காதலித்தார். பிரியேன் என்று சூளுரைக்க இசைந்த நம்பிகள், சந்நிதியிற் சூளுரைக்கும்பொழுது பெருமானை மகிழின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு வேண்டிக்கொண்டார். பெருமானோ சங்கிலியாருக்குக் கனவில் அச்செய்தியை உணர்த்தி, மகிழின்கீழேயே சூளுறவு கொள்ளும்படி செய்தருளினார். மாசித் திருவிழாவில் நிகழும் மகிழடி சேவை இதன் நினைவே.

பின்னர்த் தென்றல் வந்தது. ஆரூரில் வசந்த விழா நிகழும் காலம். வீதிவிடங்கப் பெருமானது ஓலக்கத்தினிடையே பரவையார் பாடி ஆடும் காட்சி நம்பிகளது நெஞ்சில் எழுந்தது. நேரே கண்டும் கேட்டும் நின்றாற்போல அவர் அதனை உணர்ந்தார் என்பர் சேக்கிழார் பெருமான். ஆரூரை எந்நாள் அடைவது என்று ஏங்கும் திருப்பதிகம் அப்பொழுதே பிறந்தது. ஆடல் ஒன்றின் நினைவு பாடலாயிற்று. பாடல் காலைப் பெயர்த்தது. சூள் பிழைத்து எல்லை கடந்தார்; கண் மறைந்தது.

அவ்விடத்தில் அவர் திகைத்து நின்றார்; பெருமூச்செறிந்தார்; பின்னர்ப் பாடினார். அப்பதிகம் தம் உடம்பைக் குறித்தே தொடங்குகின்றது என்பதைக் கற்போர் மனங்கொள்க. கண் சென்றபின் உடம்பு ஒன்றே அவர் கைக்கண்ட பொருளாயிற்று. அடுத்த தலம் வடதிருமுல்லைவாயில். ஒற்றியூரினின்று மேற்றிசையில் ஏறக்குறைய 12 மைல். இன்று சென்னை மாநகராட்சிக்குட்பட்டு வீடுகளும் குப்பைமேடும் நெருங்கிக் கிடக்கும் கொடுங்கையூர், இவ்விரு தலங்களுக்கும் நேர்கோடு இழுப்பின் அக்கோட்டை ஒட்டியே அமையும். இவ்வட்டாரத்தார் தம் ஊரை ஆலைகளின் அயலூர் என்றே எண்ணுகின்றனர். கண்ணிழந்த நாவலர் கோமான் மேற்கு நோக்கித் தடவி நடந்த நிலப்பரப்பு இஃதென்று இவர்க்கு எடுத்துரைப்பார் அரியர்.

முல்லைவாயிற் பதிகத்திற் சங்கிலியார் பொருட்டுக் கண் இழந்த செய்தியை மறையாது கூறுகின்றார். அதனுள்ளேயே, தொண்டைமானது யானையை முல்லைக்கொடியாற் கட்டி நிறுத்தி, அவ்வரசனுக்கு இறைவன் அருளிய வரலாறும் வருகின்றது. தாமே இடறி நடக்கும் ஒருவர், நடை தடைப்பட்ட களிற்றைப் பாடுதல் வாளா அமைந்ததன்று.

அங்கிருந்து திருவெண்பாக்கம் சேர்ந்து, கோயிலினுள் இருக்கின்றீரோ என வினவினார். இறைவன் கண் கொடுத்திலன். ஊன்றுகோல் ஒன்று கொடுத்தனன். உளோம், போகீர் என்னும் கருத்துப்பட அயலார்போல் விடையிறுத்தனன். நம்பிகள் வெகுண்டு கோலை எறிய நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலத்தார் வழங்கும் வரலாறு. அப்பழங்கோயில் இருந்த இடம், 1944-இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. மூர்த்திகள் வேறிடத்து எழுப்பிய கோயிலிற் பிரதிட்டை செய்யப்பெற்றனர். ஊன்றீசுவரர் என்னும் திருநாமம் நிலவுகின்றது.

கண்ணை மறுத்துக் கோலை நல்கியது ஏன்? தண்டனையின் எச்சம் என்பர் சிலர். அவ்வளவில் அமைதல் எமக்கு உடன்பாடன்று. தனு கரண புவன போகங்கள் மலவிருளில் அகப்பட்ட உயிர்க்கு, விடியுமளவும் விளக்குப்போல உதவத் தரப்பட்டவை என்பது சித்தாந்தத் துணிபு. உடம்பை வெறும் அழுக்கென்று தள்ளி, பாட்டை உள்ளத்தின் தனிவினையாகக் கொள்வார் இத்துணிபை மறந்தவராவர். கண் பெற்றிருப்பின் நம்பிகள் விரைந்து ஆரூர் புகுந்திருப்பர்; கோல் பெற்றமையால் நடந்தார்; நடந்தமையால் ஊர்தோறும் நின்றார்; நின்ற இடந்தோறும் பாடினார். செய்யுளின் உறுப்பை அடி என்றும், அது செல்லும் வகையை நடை என்றும் வழங்கும் தமிழ்மொழியில் இது வியப்புமன்று. மடங்களில் அமர்ந்து ஏட்டை நோக்கித் திருமுறை ஆயும் நம்மனோர், வீதியுலாவில் நடந்துகொண்டே ஓதும் ஓதுவாமூர்த்திகளை ஒருகால் பின்தொடர்ந்து கேட்பாராயின், ஏட்டிற் காணாத சில விளங்கும்.

அடுத்துப் பழையனூர். காரைக்காலம்மையார் தலையாலே வலங்கொள்ளும் திருவாலங்காட்டின் அயலில் தங்கிய நம்பிகள், ஆடும் பெருமானை அங்கு நின்றே பாடினார். காலால் நடத்தலினும் அரிய நடை ஒன்று உண்டென்பதை அறிந்த கால்கள் அவை.

காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் விளங்கிற்று. ஆமாத்தூர், ஆவடுதுறை முதலிய தலங்களை வழிபட்டுச் சென்று, திருத்துருத்தியிற் குளத்தில் மூழ்கி உடற்பிணி நீங்கினார். ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். ஆயினும் பரவையார் மாளிகை திறந்திலது. சங்கிலியார் செய்தி அவர்க்கு எட்டியிருந்தது. தோழரது வேண்டுகோட்கு இரங்கிய தியாகேசர், நள்ளிரவில் ஆரூர் வீதியில் இருமுறை தூது நடந்தருளினார். நடந்து வருந்திய அடியவர்பொருட்டு ஆண்டானும் நடந்தான்.

இறுதியில் நம்பிகள் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளானைமேற் கயிலைக்கு எழுந்தருளினார். அப்பொழுதும் பாடல் நின்றிலது; வழியிலே பாடிய பதிகத்தை வருணன் ஏற்று அஞ்சைக்களத்திற் சேர்ப்பித்தான். சேரமான் பெருமாள் தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, விசும்பிற் பாய்ந்து, தோழரை வலஞ்செய்து முன்னே சென்றனர். அவர் அச்செலவிற் பாடிய திருக்கயிலாய ஞானவுலா இறைவன் திருமுன் அரங்கேறியது. அதனை ஆங்குக் கேட்ட மாசாத்தனார் திருப்பிடவூரில் வெளியிட்டருளினார்.