சோலைமந்திக்கு வாதாடிய பறவையறிஞர்

மாட்டுங்காவிலும் செம்பூரிலுமிருந்து கோட்டைப் பக்கம் வரும் நாம், அருங்காட்சியகத்தை அடுத்துள்ள ஹார்ன்பில் ஹவுஸ் வாசலை எத்தனையோ முறை கடந்திருப்போம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இல்லம் அது. சாலிம் அலியின் தாய்வீடு அச்சங்கமே என்பேன் நான்.

1896 நவம்பர் 12-இல் இந்நகரில் பிறந்தார்; இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவன் கையில் காற்றுத் துப்பாக்கி! சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன பறவை என்றறிய அச்சங்கத்துக்குப் போனார். செயலாளர் மில்லார்டு விரட்டவில்லை. பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். பையனின் வாழ்க்கைப் பாதை அன்றே முடிவாகிவிட்டது. பர்மாவில் தொழில், பெர்லினில் பயிற்சி, திரும்பி வந்தால் வேலையில்லை, 1939-இல் மனைவியின் மறைவு. இவற்றினூடே 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிக் காடுகளில் பறவைகளைக் கணக்கெடுத்தார். மேற்கு மலையின் மழைக்காடு அப்போதே அவருக்குப் பழக்கம்.

நான் வியப்பது அவர் எண்பதை எட்டிய முதுமையில் செய்ததை. பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே மின்னணை கட்ட 1973-இல் ஒப்புதல் கிடைத்திருந்தது. அக்காடு சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கின் இருப்பிடம். மேற்கு மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம்! வெடிப்பலாவைத் தின்று, மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. ஒரு குட்டி ஈன்றால் அடுத்ததற்கு இரண்டாண்டுக்கு மேலாகும். தேயிலையோ அணையோ காட்டைத் துண்டாடினால் கூட்டம் தனித்தீவில் சிக்கிவிடும். போதாக்குறைக்கு வேட்டை வேறு; லேகியத்துக்காகக் கருமந்தியைச் சுட்ட நாட்டில் இது மட்டும் தப்புமா?

மனிதனுக்கு மின்சாரமா, குரங்குக்குக் காடா என்று கேட்டார்கள். அற்பமான கேள்வியன்று; விளக்கில்லா வீட்டில் படித்தவன் அதைக் கேலி செய்யமாட்டான். ஆனால் மின்சாரத்துக்கு வேறு வழி தேடலாம். அழிந்த மழைக்காட்டை யார் நட்டு வளர்ப்பது? சாலிம் அலி நேரில் சென்று பார்த்தார். திட்டத்தைக் கைவிடுமாறு வேண்டினார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரியும் மக்களிடையே போராடினார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டே பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. அதைக் கண்ணாரக் கண்டபின், 1987 ஜூன் 20-இல் சாலிம் அலி மறைந்தார்.

சோலைமந்தி இன்னும் பிழைத்துவிடவில்லை. காட்டில் எஞ்சியவை சில ஆயிரமே. வால்பாறைத் தேயிலைக்கு நடுவே சோலைத் துண்டுகளில் வாழும் கூட்டங்கள் சாலையைக் கடக்கையில் வண்டிகளில் அடிபடுகின்றன. அவற்றுக்கென்று மரங்களுக்கிடையே பாலம் கட்டியிருக்கிறார்கள். தாராவியில் வாழும் நெல்லைச் சீமை நண்பர்கள் கோடை விடுமுறைக்கு ஊர் போனால் களக்காட்டு மலையை அண்ணாந்து பார்க்கட்டும். அங்கேயும் அவை இருக்கின்றன.